வீணாக எரியும் வாயுவைப் படகில் ஊற்ற முடியுமா?

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் சாலையில் வழுதூர் பக்கம் ஒரு மின் நிலையம் இருக்கிறது. நிலக்கரிக் குவியல் கிடையாது, சாம்பல் குட்டை கிடையாது. சுற்றுவட்டாரத்தில் ஓஎன்ஜிசி தோண்டிய கிணறுகளிலிருந்து வரும் இயற்கை வாயுதான் அதற்குத் தீனி. இரண்டு அலகும் சேர்ந்து 187 மெகாவாட். தமிழ்நாட்டின் மின்தேவைக்கு முன்னால் இது சின்னதுதான். ஆனால் வாயு கிடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அதற்கு ஒரு வேலையும் கிடைத்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். உலகத்தின் பல மூலைகளில் அப்படி அமைவதில்லை. அமையாத இடத்தில் வாயுவை என்ன செய்வார்கள்? கொளுத்திவிடுவார்கள்.

உயரமான ஒரு குழாய், அதன் நுனியில் இரவும் பகலும் ஒரு சுடர். எண்ணெய் வயல்களில் வேலை பார்த்துவிட்டு வளைகுடா நாடுகளிலிருந்து ஊர் திரும்பிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஃப்ளேர் என்பது அதற்குத் துறைப் பெயர். 2023-இல் இப்படி எரிந்துபோனது சுமார் 148 பில்லியன் கன மீட்டர் என்று, செயற்கைக்கோள் பதிவுகளை வைத்து உலக வங்கி கணக்கிட்டிருக்கிறது. உரம், மின்சாரம், ஆட்டோ, அடுப்பு என்று இந்தியா முழுவதும் ஓர் ஆண்டில் செலவாகும் இயற்கை வாயுவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அது.

இவ்வளவையும் யாராவது வேண்டுமென்றே வீணாக்குவார்களா? கிணறு தோண்டுகிறவர் பல நேரம் தேடிப் போவது எண்ணெயை. எண்ணெயோடு சேர்ந்து வாயுவும் மேலே வருகிறது. எண்ணெயை லாரியிலோ கப்பலிலோ ஏற்றி விற்றுவிடலாம். வாயுவுக்குக் குழாய் வேண்டும். குழாய் இல்லாவிட்டால் அது சுமை. இது தவிர, புதுக் கிணற்றில் எவ்வளவு இருக்கிறது என்று சோதித்துப் பார்க்கும் நாட்களிலும், ஆலையில் அழுத்தம் எகிறும்போது பாதுகாப்புக்காகவும் எரிப்பதுண்டு. பாதுகாப்புக்கு எரிப்பதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆண்டுக்கணக்கில் வழக்கமாக எரிப்பதுதான் பிரச்சினை. அதை 2030-க்குள் நிறுத்துவோம் என்று 2015-இல் உலக வங்கி ஒரு திட்டம் தொடங்கி, பல அரசுகளும் நிறுவனங்களும் கையெழுத்துப் போட்டன. கையெழுத்துப் போட்ட வேகத்தில் சுடர்கள் அணையவில்லை.

வாயு ஏன் இவ்வளவு தொல்லை பிடித்த சரக்கு என்பதற்கு ஒரே ஒரு கணக்குப் போதும். ஒரு லிட்டர் டீசலில் இருக்கும் ஆற்றல், சாதாரண அழுத்தத்தில் ஏறத்தாழ ஒரு கன மீட்டர் இயற்கை வாயுவில் இருக்கிறது. ஒரு கன மீட்டர் என்றால் ஆயிரம் லிட்டர். விசைப்படகுக்கு டீசல் கொண்டுவரும் 200 லிட்டர் பேரல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதே ஆற்றலை வாயுவாக வைத்துக்கொள்ள 20 அடி அகலம், 35 அடி நீளம், 10 அடி உயரம் உள்ள ஒரு கூடம் தேவை. பேரலைக் கரையில் ஓர் ஆள் உருட்டிக்கொண்டு போய்விடலாம். கூடத்தை எங்கே உருட்டுவது? வீணாகும் வாயு பற்றிய எல்லாத் தொழில்நுட்பமும் கடைசியில் இந்தக் கூடத்தைப் பேரலுக்குள் அடைக்கும் முயற்சிதான்.

எரிக்காமல் விட்டால் இன்னும் மோசம்

எரிப்பதால்தானே புகை, அப்படியே காற்றில் விட்டுவிட்டால் என்ன என்று தோன்றும். கூடவே கூடாது. இயற்கை வாயுவில் பெரும்பகுதி மீத்தேன். ஒரு கிலோ மீத்தேன் முழுதாக எரிந்தால் 2.75 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். அதே ஒரு கிலோ எரியாமல் தப்பினால், அடுத்த 20 ஆண்டுக் கணக்கில் சுமார் 80 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு பூமியைச் சூடாக்கும். ஆகவே எரிப்பது, இருப்பதில் குறைந்த கெடுதல்.

ஆனால் சுடர் முழுதாக எரிக்கிறதா? நூற்றுக்கு 98 எரிந்துவிடும் என்றுதான் ரொம்ப காலம் கணக்கில் எழுதி வந்தார்கள். அமெரிக்காவின் மூன்று பெரிய எண்ணெய் வயல்களுக்கு மேல் விமானத்தில் பறந்து அளந்தவர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வு, அணைந்து கிடக்கும் சுடர்களையும் சேர்த்துப் பார்த்தால் 91 தான் தேறுகிறது என்றது. இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். 100 கிலோ மீத்தேனில் 91 எரிந்தால் சுமார் 250 கிலோ கார்பன் டை ஆக்சைடு. தப்பிய 9 கிலோவோ 720 கிலோவுக்குச் சமம். எரிந்ததைவிட எரியாமல் போனது மூன்று பங்கு கெடுதல் செய்கிறது.

காற்று பலமாக அடித்தால் சுடர் சாய்ந்து, எரியாத வாயு இன்னும் கூடுதலாக நழுவும். இந்தக் கரையில் கச்சானும் வாடையும் எப்படி அடிக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காற்று வேகம் பார்த்துப் பாம்பனில் ரயிலையே நிறுத்தி வைத்த ஊர் இது.

வழி எத்தனை?

முதல் வழி, வழுதூரில் செய்ததுதான். வாயுவை அங்கேயே டர்பைனில் எரித்து மின்சாரமாக்கிக் கம்பியில் அனுப்புவது. டர்பைனிலிருந்து வரும் சூட்டில் நீராவி கிளப்பி இன்னொரு டர்பைனையும் சுற்றுவதால் அதே வாயுவில் கூடுதல் மின்சாரம் கிடைக்கிறது. அருகில் மின்கம்பி இருந்தால் இதைவிட எளிய வழி இல்லை.

இரண்டாவது, குழாய். ராமநாதபுரம்–தூத்துக்குடி இயற்கை வாயுக் குழாய், 143 கிலோமீட்டர், 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. இங்கே எடுக்கும் வாயுவைத் தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோவது அதன் நோக்கங்களில் ஒன்று. மூன்றாவது, சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல 200 மடங்கு அழுத்தி உருளையில் அடைப்பது. நாம் பங்க்கில் பார்க்கும் சிஎன்ஜி. அப்படி அழுத்திய பிறகும் டீசலைப் போல நாலு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். நான்காவது, மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்குவது. 600 பங்கு இடம் ஒரு பங்காகச் சுருங்கும். ஆனால் அந்தக் குளிரைத் தாங்கும் தொட்டி, குளிர்விக்கும் ஆலை என்று செலவு ஆளை விழுங்கிவிடும்.

இவை எல்லாவற்றிலும் மீத்தேன் மீத்தேனாகவே இருக்கிறது. ஐந்தாவது வழிதான் வேறு: மூலக்கூறையே பிரித்து, சாதாரண வெப்பத்தில் தானாகவே திரவமாக இருக்கும் எரிபொருளாகக் கட்டுவது. வாயுவிலிருந்து திரவம் என்பதால் ஜிடிஎல் என்று துறையில் சொல்வார்கள்.

கரிமூட்டம் போடத் தெரிந்தால் இதுவும் புரியும்

கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடி பக்கம் சீமைக்கருவேலக் கரிமூட்டம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். விறகை அடுக்கி, மேலே தழை போட்டு, மண்ணால் மூடி, காற்றுக்கு அளவாகத் துளை விட்டு நெருப்பு வைப்பார்கள். முழுக் காற்றும் கிடைத்தால் விறகு சாம்பலாகிவிடும். சாம்பலை வைத்து அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. காற்றைக் குறைத்தால் பாதியில் நிற்கும், கரி கிடைக்கும். கரியை மறுபடி எரிக்கலாம். மூட்டத்தில் எங்கேயாவது மண் வெடித்தால் ஓடிப்போய்ப் பூசுவது அதனால்தான்.

மீத்தேனிலும் முதல் படி இதுதான். முழு ஆக்சிஜனும் கொடுத்தால் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் ஆகிவிடும். ஆட்டம் முடிந்தது. ஆக்சிஜனைக் குறைத்துக் கொடுத்தால் பாதி எரிந்த நிலையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கிடைக்கும். இரண்டுமே இன்னும் எரியக்கூடியவை, இன்னும் வேறு பொருளாக மாறத் தயாராக இருப்பவை. இந்தக் கலவைக்கு சின்கேஸ் என்று பெயர். ஆக்சிஜனுக்குப் பதிலாக நீராவியோடு மீத்தேனைச் சேர்த்து, நிக்கல் வினையூக்கி (தான் தீர்ந்துபோகாமல் வேதிவினையை வேகப்படுத்தும் பொருள்) மேல் 800 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் செலுத்தியும் இதைச் செய்யலாம். இயற்கை வாயுவிலிருந்து யூரியா செய்யும் உரத் தொழிற்சாலைகளில் அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் எடுப்பதும் இதே நீராவி முறையில்தான். ஆகவே முதல் படியில் மர்மம் ஒன்றும் இல்லை. பல பத்தாண்டுகளாக நடக்கும் வேலை.

இரண்டாம் படியில்தான் வித்தை. 1925 வாக்கில் ஜெர்மனியில் ஃபிரான்ஸ் ஃபிஷர், ஹான்ஸ் டிராப்ஷ் என்ற இரு வேதியியலாளர்கள், சின்கேஸை உலோக வினையூக்கி மேல் செலுத்தினால் கார்பன்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு சங்கிலியாக நீளும் என்று கண்டுபிடித்தார்கள். பெட்ரோலியம் இல்லாத நாடு நிலக்கரியிலிருந்து எரிபொருள் செய்ய வழி தேடியதுதான் பின்னணி. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி இதைப் பயன்படுத்தியது. பிறகு தென்னாப்பிரிக்காவின் சாசோல் நிறுவனம் 1950-களிலிருந்து நிலக்கரியை வைத்தே பெரிய அளவில் செய்தது.

சங்கிலி எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்துத்தான் பொருள். ஒரு கார்பன் இருந்தால் மீத்தேன். மூன்று, நான்கு என்றால் வீட்டு சிலிண்டரில் வரும் எல்பிஜி. ஐந்திலிருந்து பத்து வரை பெட்ரோல் வகை. பத்துக்கு மேல் இருபது வரை டீசல் பக்கம். அதற்கும் மேலே போனால் மெழுகு. இப்போதைய ஆலைகள் கோபால்ட் வினையூக்கியை வைத்து, 200 முதல் 240 டிகிரியில், காற்றழுத்தத்தைப் போல இருபது முப்பது மடங்கு அழுத்தத்தில், வேண்டுமென்றே நீளமான மெழுகாக வளரவிட்டு, பிறகு ஹைட்ரஜன் கொடுத்து டீசல் நீளத்துக்கு வெட்டிக்கொள்கின்றன. ஒரே அடியாக டீசல் நீளத்தில் நிறுத்த முடியாது. குட்டையும் நெட்டையும் கலந்துதான் வரும். மெழுகாக்கி வெட்டினால் வீண் குறைவு.

இந்த இரண்டாம் படியில் சூடு ஏராளமாகக் கிளம்பும். அதை உடனுக்குடன் வெளியே எடுக்காவிட்டால் வினையூக்கி கெட்டுவிடும், டீசலுக்குப் பதில் மறுபடி மீத்தேனே வரத் தொடங்கும். ஆலையின் செலவில் பெரும்பங்கு, சின்கேஸ் செய்வதற்கும் இந்தச் சூட்டைச் சமாளிப்பதற்கும்தான் போகிறது.

இதில் இழப்பு எவ்வளவு? ஒரு பேரல், அதாவது எண்ணெய்க் கணக்கில் 159 லிட்டர் திரவம் எடுக்கச் சுமார் 10,000 கன அடி வாயு வேண்டும். அப்படியானால் நம் 200 லிட்டர் பேரலை நிரப்ப, முன்னால் சொன்ன கூடம் ஒன்றல்ல, ஏறக்குறைய இரண்டு வேண்டும். ஒரு கூடத்து ஆற்றல் பேரலுக்குள் போகிறது, இன்னொன்று வழியிலேயே சூடாகப் போய்விடுகிறது. நல்ல விலைக்கு விற்கக்கூடிய வாயுவை இப்படி மாற்றுவது நஷ்ட வியாபாரம் என்று தோன்றலாம். எப்படியும் கொளுத்தப்போகும் வாயு என்றால் பாதி கிடைத்தாலும் லாபம்தான்.

டீசல் மட்டும்தானா?

சின்கேஸை வேறு வினையூக்கிக்கு அனுப்பினால் வேறு பொருள் வரும். தாமிரமும் துத்தநாகமும் கலந்த வினையூக்கியில் 250 டிகிரி வாக்கில் மெத்தனால் கிடைக்கும். அஸ்ஸாமில் நாம்ரூப்பில் இயற்கை வாயுவிலிருந்து மெத்தனால் செய்யும் ஆலை பல காலமாக இருக்கிறது. அதை 15 சதவீதம் கலந்த பெட்ரோலை 2022-இல் தின்சுகியாவில் சோதனையாக விற்கவும் தொடங்கினார்கள்.

மெத்தனால் என்றதும் நமக்கு மரக்காணமும் கள்ளக்குறிச்சியும்தான் ஞாபகம் வரும். ஆமாம், அதே பொருள்தான். எரிபொருளாகச் சுத்தமாக எரியும். ஆனால் குடித்தால் கண்ணையும் உயிரையும் பறிக்கும். பகல் வெளிச்சத்தில் அதன் சுவாலை கண்ணுக்குத் தெரிவதே அரிது. படகின் எஞ்சின் அறையில் தீப்பிடித்தால் பற்றியது தெரியவே நேரமாகும். ஒரு லிட்டரில் இருக்கும் ஆற்றலும் டீசலில் பாதிக்கும் குறைவு, ஆக இரண்டு மடங்குக்கு மேல் தொட்டி வேண்டும். கப்பல் நிறுவனங்கள் இதற்கென்றே எஞ்சின் செய்து ஓட்டுகின்றன. விசைப்படகுக்கு இது ஒத்துவரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மெத்தனாலிலிருந்து தண்ணீரைப் பிரித்தால் டைமெத்தில் ஈதர், சுருக்கமாக டிஎம்இ. எல்பிஜி போலவே லேசான அழுத்தத்தில் திரவமாகும், டீசல் எஞ்சினில் கரும்புகை இல்லாமல் எரியும். ஆனால் வழவழப்பு குறைவு, ரப்பர் சீல்களை அரிக்கும், பம்ப்பை மாற்றியாக வேண்டும்.

அந்த வகையில் படகுக்காரருக்கு ஜிடிஎல் டீசல்தான் சுலபம். இருக்கிற எஞ்சினில், இருக்கிற தொட்டியில் அப்படியே ஊற்றலாம்.

சுத்தம் என்றால் எந்தச் சுத்தம்?

ஜிடிஎல் டீசலில் கந்தகம் கிட்டத்தட்ட இல்லை. ஊருக்கு நல்லது செய்ய வேண்டும் என்பதற்காக யாரும் எடுத்துவிடுவதில்லை. கந்தகம் பட்டால் வினையூக்கி செத்துவிடும், ஆகவே முதலிலேயே வாயுவைக் கழுவி எடுத்தாக வேண்டும். கரும்புகைக்குக் காரணமான வளைய மூலக்கூறுகளும் இதில் இல்லை. எஞ்சினுக்குள் டீசல் எவ்வளவு சட்டென்று பற்றும் என்பதைக் காட்டும் சீட்டேன் எண், வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்-6 விதிப்படி 2020 ஏப்ரல் முதல் வந்த டீசலுக்குக் குறைந்தது 51. ஜிடிஎல் டீசலுக்கு 70-க்கு மேல். ஆக, புகைபோக்கிக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்கு இது சுத்தமான எரிபொருள்தான். மீன்பிடித் துறைமுகத்தில் காலையில் படகுகள் வரிசையாக எஞ்சினைக் கிளப்பும் நேரத்தில் அங்கே நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் எரிந்தால் கார்பன் டை ஆக்சைடு வரத்தான் செய்யும். தயாரிப்பில் போகும் ஆற்றலையும் சேர்த்தால், சாதாரண வாயுவிலிருந்து செய்த ஜிடிஎல் டீசல் பெட்ரோலிய டீசலைவிடப் பருவநிலைக்கு நல்லது என்று சொல்ல முடியாது. சில கணக்கில் அதைவிட மோசம். அந்த வாயு வேறு எந்த வழியிலும் பயன்படாமல் சுடரில் எரியப் போனது என்றால் மட்டும்தான் கணக்கு மாறும். அதனால் இப்படி ஒரு ஆலையைப் பற்றி யாராவது பெருமையாகச் சொன்னால், 'இந்த வாயு இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் 'எரிந்திருக்கும்' என்றால் சரி. 'இதற்காகத்தான் புதிதாகத் தோண்டினோம்' என்றால் அது வேறு கதை.

பெரிதாக இருந்தால்தான் கட்டுப்படியாகிறது

கத்தாரில் ராஸ் லஃபானில் இருக்கும் பேர்ல் ஜிடிஎல் ஆலை நாளொன்றுக்கு 1,40,000 பேரல் திரவம் செய்யக்கூடியது. 2011-இல் உற்பத்தி தொடங்கியது. கட்ட ஆன செலவு சுமார் 1,800 கோடி டாலர். மலேசியாவில் பிந்துலுவில் 1993-லேயே ஓர் ஆலை வந்தது. நைஜீரியாவில் எஸ்க்ராவோஸில் இருப்பது, கரையோரம் வீணாய் எரிந்துகொண்டிருந்த வாயுவுக்கும் வழிசெய்யும் நோக்கத்தோடு கட்டப்பட்டது. பல ஆண்டு தாமதம், பல மடங்கு செலவுக்குப் பிறகுதான் ஓடியது.

சுடர்களோ சின்னச் சின்னதாக, ஆயிரக்கணக்கான இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஒரு கிணறு சில ஆண்டில் வற்றும், அழுத்தம் நாளுக்கு நாள் மாறும். இதற்காகக் கன்டெய்னர் அளவில் சின்ன ஆலைகள் செய்து பார்க்கிறார்கள். மயிரிழைக் கால்வாய்கள் கொண்ட உலைகள் சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடும் என்பது இதில் ஒரு நல்ல யோசனை. ஆனாலும் அமெரிக்காவில் ஓக்லஹோமா நகரில் அப்படி ஒன்று 2017-இல் உற்பத்தியைத் தொடங்கி அடுத்த ஆண்டே நின்றுபோனது. வேதியியல் நூறு வருடப் பழசு. சின்ன அளவில் கட்டுப்படியாகச் செய்வது இன்னும் கைக்கு வரவில்லை.

நம் கரைக்கு இது வருமா?

ராமநாதபுரத்து வாயுவுக்கு மின் நிலையமும் குழாயும் ஏற்கெனவே இருக்கின்றன. ஆகவே இங்கே ஜிடிஎல் ஆலை கட்டுவோம் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். குழாய் எட்டும் தூரத்தில் வாயு இருக்கும்போது பாதி ஆற்றலைத் தொலைத்து டீசலாக்க வேண்டிய அவசியம் இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மாவட்டத்தில் புதிதாக 20 சோதனைக் கிணறுகள் தோண்ட 2025-இல் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கப்பட்டது தெரியவந்ததும் விவசாயிகளும் மீனவர்களும் எதிர்த்தார்கள். தமிழக அரசும் அனுமதியைத் திரும்பப் பெறச் சொன்னது. கரையை ஒட்டியே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள், பவளப்பாறைகள். இந்தப் பக்கம் பாக் விரிகுடாவில் 2022-இல் அறிவித்த கடற்பசுக் காப்பகம். 'வீணாகும் வாயுவைப் பயன்படுத்துகிறோம்' என்பதும் 'புதிதாக வாயு எடுக்கிறோம்' என்பதும் வேறு வேறு வாதங்கள். முதலாவதைக் காட்டி இரண்டாவதற்கு அனுமதி வாங்கக் கூடாது.

இருக்கிற கிணறுகளில் செய்யக்கூடியவை இதைவிட எளிமையானவை. கசிவைக் கண்டுபிடிக்க அகச்சிவப்புக் கேமரா இருக்கிறது. மீத்தேன் நம் கண்ணுக்குத் தெரியாது, அதற்குத் தெரியும். குழாயிலிருந்து தள்ளி இருக்கும் கிணற்றிலோ சோதனைக் காலத்திலோ வரும் வாயுவை, லாரியில் ஏற்றிவந்த சுத்திகரிப்புக் கருவியும் கம்ப்ரசரும் வைத்து, உருளைகளில் அழுத்தி, அருகிலுள்ள சிஎன்ஜி பங்க்குக்கு அனுப்பலாம். வாயு தீர்ந்ததும் லாரி அடுத்த கிணற்றுக்குப் போய்விடும். சிஎன்ஜியில் படகு ஓட்டுவதும் நடக்கக்கூடியதுதான், ஆனால் டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லாததால் கொஞ்சம் டீசலும் கூடவே போகும்படி இரட்டை எரிபொருள் முறைக்கு மாற்ற வேண்டும். கனமான உருளைகளை எங்கே வைப்பது, உப்புக்காற்றில் வால்வு எத்தனை வருடம் தாங்கும் என்பதையும் பார்க்க வேண்டும். மாற்றுவதாக இருந்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம்தான் வசதி. எப்படியும் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் நேரம் அது.